விழுந்து எழுந்த பிறகு: மோட்டாரா, காரா, கம்பெனி பஸ்ஸா?

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிளில் விழாத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். தோட்டத்துச் செம்மண் பாதையில் சறுக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டவர், லிந்தாங் பக்கம் மாட்டில் மோதியவர், பெரிய சாலையில் லோரிக்கு ஒதுங்கப் போய்க் கால்வாயில் இறங்கியவர் என்று எல்லா வகையும் இருக்கிறார்கள். மாவுக்கட்டைப் பிரித்து, ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்து வைத்த அன்றே பேச்சு ஆரம்பித்துவிடும்: திரும்ப ஓட்டப் போகிறாயா, இல்லையா?

அம்மா தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குவார். கூட்டாளிகளோ "எத்தனை நாளைக்குப் பயந்துகிட்டே இருப்பே" என்று சாவியைக் கையில் திணிப்பார்கள். அம்மாவுக்குச் சத்தியமும் செய்துவிட்டு, மோட்டாரைக் கூட்டாளி வீட்டில் நிறுத்தி வைத்து ஓட்டுகிற ஆட்களையும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அது தெரியும்.

இரண்டு தரப்பும் பேசுவது துணிச்சலைப் பற்றித்தான். எனக்கென்னவோ துணிச்சல் கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி. உங்களைக் கீழே தள்ளியது எது என்பதை முதலில் பாருங்கள். அந்தக் காரணத்தை எது நீக்குகிறதோ அதுவே உங்களுக்கு ஏற்ற வழி. மற்றதெல்லாம் காசைச் செலவழித்துப் பழைய இடத்துக்கே திரும்புவது.

எது தள்ளியது?

தோட்டத்துப் பாதையை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரும் லோரியும் தார்ச்சாலைக்கு ஏறித் திரும்புகிற முக்கில் உதிரிப்பழங்கள் சிந்திக் கிடக்கும். அவற்றின் மேல் நாலைந்து வண்டிகள் ஏறி இறங்கியதும் நசுங்கி, எண்ணெய் கக்கி, ஆரஞ்சு நிறத் திட்டாகத் தாரில் படிந்துவிடும். வெயிலில் அது வெறும் கறையாகத் தெரியும். லேசாகத் தூறினால் போதும், சவர்க்காரம் போட்ட குளியலறைத் தரைதான். என் மச்சான் விழுந்தது இப்படித்தான். வேகம் நாற்பதுகூட இல்லை. எதிரே நாய் வந்ததும் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தார். முன் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிப் போனது. இடது கணுக்கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் தாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

இந்த மாதிரி விபத்துக்குக் காரணம் இடமும் டயரும் பிரேக் பிடித்த விதமும். இவற்றை மாற்ற முடியும். அந்த முக்கில் வேகத்தைக் குறைக்கலாம், வழுவழுவென்று தேய்ந்த டயரைத் தூக்கி எறியலாம், மழை நேரத்தில் வேறு வழியாகச் சுற்றி வரலாம். அப்படி விழுந்தவர் மீண்டும் மோட்டார் எடுப்பதில் நியாயம் இருக்கிறது.

இரவு ஷிஃப்ட் முடித்து வரும்போது விழுந்தவர் கதை வேறு. இங்கிருந்து சிம்மோர், கந்தான், தாசேக் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். காலையில் வேலை முடித்து, வெயில் முகத்தில் அடிக்க, நேராக நீண்ட சாலையில் வரும்போது கண் தானாகச் சொருகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும்; மூன்று நொடி கண் மூடினால் 50 மீட்டர். தூக்கத்தில் விழுந்தவர் கப்சாயை (கியர் வைத்த சின்ன மோட்டாரை) விற்று ஸ்கூட்டர் வாங்கினாலும், ஸ்கூட்டரை விற்றுக் கார் வாங்கினாலும் தூக்கம் கூடவே வரும். அவருக்கு ஒரே பதில், வேறு யாராவது ஓட்டுகிற வண்டியில் ஏறுவது. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது, அடுத்தவர் செய்த தவறு. சந்தியில் கார் குறுக்கே திரும்பும். இறங்கி வருகிறவர் "பார்க்கவே இல்லை" என்பார். பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே பார்த்திருக்க மாட்டார். மோட்டார் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று 1992இல் நம் நாட்டில் சட்டம் வந்ததே இதற்காகத்தான். இந்த வகை விபத்தை உங்களால் குறைக்க முடியும், முழுதாக ஒழிக்க முடியாது. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும். அந்த முதலாம் எண் கூட்டரசு சாலையில், சிமெண்ட் லோரிகளுக்கு நடுவில், நாள் தவறாமல் ஈப்போவுக்குப் போய்வருகிறவருக்குத் தகரக் கூண்டு ஒன்று சுற்றிலும் இருப்பது பெரிய வித்தியாசம்.

ரேஸ் விட்டு விழுந்தவரைப் பற்றி நான் எழுதி என்ன ஆகப்போகிறது. அவர் அம்மாவே பேசிக்கொள்ளட்டும்.

உடம்பு எதைச் சொல்கிறது?

"எலும்பு ஒட்டிவிட்டது, ஓட்டலாம்" என்பதுதான் நம்மிடையே இருக்கிற அளவுகோல். எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டினாலும் தசையும் மூட்டும் பழையபடி வேலை செய்யப் பல மாதம் பிடிக்கும். அதைவிட முக்கியம், எந்தக் கை, எந்தக் கால் என்பது. மோட்டாரில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி வேலை இருக்கிறது.

கப்சாயில் இடது கால் கியர் போடுகிறது. வலது கால் பின் பிரேக்கை மிதிக்கிறது. வலது கை ஒன்றே முறுக்கவும் வேண்டும், முன் பிரேக்கைப் பிடிக்கவும் வேண்டும். இடது கைக்கு கிளட்ச் வேலைகூடக் கிடையாது. அதனால் இடது மணிக்கட்டு உடைந்தவர் இஎக்ஸ்-5, வேவ் மாதிரி வண்டிக்குச் சீக்கிரமே திரும்பிவிடலாம். அதே ஆள் ஒய்15 மாதிரி கிளட்ச் உள்ள மோட்டார் வைத்திருந்தால், ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை இழுக்க வேண்டும். வீட்டுக்கு வருவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். மச்சான் மாதிரி இடது கணுக்கால் போனவருக்குக் கப்சாயில் கியர் மிதிப்பதே வேதனை. அவருக்கு ஸ்கூட்டர்தான் சரி, இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும், காலுக்கு ஊன்றுகிற வேலை மட்டும். வலது கை உடைந்தவர் பாடுதான் மோசம். எந்த மோட்டாரும் அவருக்கு உதவாது. பிடி முழுசாகத் திரும்பும்வரை காத்திருப்பதுதான் வழி.

ஏறுவதற்கு முன்னால் எஞ்சினை அணைத்த நிலையிலேயே சிலவற்றைச் செய்து பாருங்கள். நடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கித் திரும்ப ஏற்ற முடிகிறதா? பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போக முடிகிறதா? முன் பிரேக்கை முழு பலத்தோடு பிடித்துச் சற்று நேரம் விடாமல் இருக்க முடிகிறதா? இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறதா? இதில் ஏதாவது ஒன்றில் முகம் சுளித்தால் இன்னும் நாள் ஆகவில்லை என்று அர்த்தம். டிராமடோல் போன்ற வலி மாத்திரை எடுக்கிறவர் ஓட்டவே கூடாது, அது தூக்கத்தைக் கொடுக்கும். தலையில் அடிபட்டுப் பிறகு வலிப்பு வந்தவருக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. டாக்டர் சொல்லும்வரை காரையும் தொடக்கூடாது.

இனி வழிகளுக்கு வருவோம்.

பழைய கப்சாயே

இதற்குச் சாதகமாக நிறைய இருக்கிறது. சக்கரம் 17 அங்குலம், தோட்டத்துக் குழியில் இறங்கி ஏறும். உதிரிபாகம் எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும். 150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). உங்கள் உடம்புக்கு அதன் எடையும் போக்கும் பழகியிருக்கும்.

ஆனால் விழுந்த வண்டி பழைய வண்டி இல்லை. கடைக்காரர் கண்ணாடியும் லீவரும் மாற்றிவிட்டு "ஓகே லா" என்பார். நீங்கள் முன்னால் போய் நின்று பாருங்கள். ஹேண்டிலை நேராக வைத்தால் சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறதா? சமதளத்தில் மெதுவாக ஓட்டும்போது ஒரே பக்கம் இழுக்கிறதா? அப்படியென்றால் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கோ, வண்டிக்கு எலும்புக்கூடான சேசியோ வளைந்திருக்கிறது. ஃபோர்க்கை மாற்றலாம். சேசி வளைந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. கோயிலில் பூசை போட்டு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஃபோர்க்கையும் ஒரு பார்வை பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடவே கூடாது. வெளி ஓட்டில் கீறல் மட்டும் இருந்தாலும் உள்ளே இருக்கிற நுரைப் பகுதி ஒருமுறை அமுங்கிவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது. சிரிம் தர முத்திரை உள்ள புதிதாக ஒன்றை வாங்கிவிடுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இருபது முப்பது வெள்ளிக்கு விற்கிறதை 1973இலிருந்து இருக்கிற ஹெல்மெட் சட்டத்துக்குப் பயந்து போடலாம், தலைக்காகப் போட முடியாது.

ஸ்கூட்டர்

கியர் இல்லை, கால் பிரேக் இல்லை. காலில் அடிபட்டவருக்கு இது வரம். பிசிஎக்ஸ், என்மேக்ஸ் மாதிரி பெரிய ஸ்கூட்டர்களில் ஏபிஎஸ் வருகிறது. மச்சான் செய்த மாதிரி பயத்தில் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தாலும் சக்கரம் இறுகிப் போகாமல் அது விட்டு விட்டுப் பிடிக்கும். ஒருமுறை விழுந்தவர் அடுத்த முறை பிரேக்கை மென்மையாகப் பிடிப்பார் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறாக, பயம் விரல்களில்தான் முதலில் வரும். அதனால் ஏபிஎஸ் என்பது திரும்ப ஏறுகிறவருக்குத்தான் அதிகம் தேவை என்பேன். விலை பத்தாயிரம் வெள்ளியை ஒட்டியும் தாண்டியும் போகிறது, அதுதான் இடிக்கும்.

இன்னொரு குறை, சக்கரம் சின்னது, 12 முதல் 14 அங்குலம். தாமானுக்கும் டவுனுக்கும் நடுவில் ஓட்டுவதற்குப் பிரச்சினை இல்லை. தோட்டத்துக்குள் வீடு இருந்தால், செம்மண் குழியில் ஒவ்வொரு நாளும் இடுப்பு பேசும்.

பக்கத்தில் சக்கரம் வைத்துக் கட்டிய மோட்டார் ஒன்றும் உண்டு. நிரந்தரமாகக் கால் பலம் இழந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியோடு மாற்றிக் கட்ட வேண்டும், லைசென்ஸ் வகையும் மாறும். குணமாகி வருகிறவருக்கு அது தேவைப்படாது.

பழைய கார்

கஞ்சிலோ வீவாவோ, ஒரு சின்ன பழைய கார் வாங்கிவிடு என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். ஈப்போவில் வேலை, போகவர 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். கப்சாய் ஒரு லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் நாளைக்கு 1.2 லிட்டர். பழைய கஞ்சில் 15 கொடுத்தால் 4 லிட்டர். மானிய பெட்ரோலான பூடி95இன் விலை 1.99ஐ இரண்டு வெள்ளி என்றே வைத்து, மாதம் 26 நாள் வேலை என்றால், மோட்டாருக்கு 62 வெள்ளி, காருக்கு 208 வெள்ளி. சாலை வரி வித்தியாசம் பெரிதில்லை. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு 20 வெள்ளிதான். ஆனால் காப்புறுதி, நாலு டயர், பழைய கார் என்றால் மாதம் ஒரு கோளாறு, இதையெல்லாம் கூட்டினால் மாதத்துக்கு இருநூறு முந்நூறு வெள்ளி கூடுதலாக எடுத்து வைக்க வேண்டிவரும். கார் ஓட்டுகிற டி லைசென்ஸ் இல்லாதவருக்கு ஓட்டுநர் பள்ளிக்கு இரண்டாயிரம் வெள்ளிக்கு முன்னே பின்னே ஆகும்.

இந்தக் காசு யாருக்கு வீணில்லை? பெரிய சாலையில் நாள்தோறும் போகிறவருக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவருக்கும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் மனைவி மடியில் ஒன்று என்று தமிழ்ப்பள்ளி வாசலில் வந்து இறங்குகிற மோட்டாரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தனியாக ஓட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. பின்னால் ஆள் ஏற்றுவது வேறு முடிவு, அதை இதோடு சேர்த்து எடுக்காதீர்கள். விழுந்து எழுந்தவர் குறைந்தது சில மாதத்துக்காவது பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெறும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வர ஒரு கார் என்றால், அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட்டும் டயரும் வாங்கிவிட்டு மிச்சத்தைச் சேமிக்கலாம்.

கம்பெனி பஸ், பொது பஸ், கிரேப்

பெரிய தொழிற்சாலைகள் பல ஊருக்குள் பஸ்ஸோ வேனோ அனுப்புகின்றன. நம் பிள்ளைகளுக்கு அதில் ஏற ஒரு கூச்சம். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் போகிற பஸ் என்று நினைப்பு. இரவு ஷிஃப்ட் ஆளுக்கு இதைவிட நல்லது எதுவுமே இல்லை. காலையில் ஏறி உட்கார்ந்து தூங்கிவிடலாம். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பஸ் டவுன் வரைக்கும்தான் வருகிறது என்றாலும் பரவாயில்லை. அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கட்டை தூரத்துக்குத் தம்பியோ மாமாவோ வந்து கூட்டிப்போகட்டும்.

ஈப்போவுக்குப் பொது பஸ் இருக்கிறது, இங்கே ரயில் நிலையமும் இருக்கிறது, இடிஎஸ் மின்ரயில் நிற்கிறது. ஷிஃப்ட் நேரத்துக்கு இரண்டும் ஒத்துவருவது அதிர்ஷ்டம். தோட்டத்துக்குள் இரண்டுமே வராது. கிரேப் டவுனில் கிடைக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து வாசலில் நின்று கூப்பிட்டால் போன்தான் சூடாகும்.

சொக்சோ காசு

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்து என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பொறுப்பேற்கும். நேர்வழியில் வந்திருக்க வேண்டும், நடுவில் வேறு சோலிக்கு ஒதுங்கியிருந்தால் சிக்கல். எம்சி (மருத்துவ விடுப்பு) நாலு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தற்காலிக இயலாமைத் தொகையாக நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், காசு முடை காரணமாகத்தான் பலர் சீக்கிரம் மோட்டார் ஏறுகிறார்கள். இந்தத் தொகை வந்துகொண்டிருந்தால் இன்னொரு மாதம் பொறுக்கலாம். மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்கென்று 2007இலிருந்து சொக்சோ நடத்துகிற திட்டத்தில் உடற்பயிற்சிச் சிகிச்சையும் அடக்கம், கேட்டு வாங்குங்கள்.

நிரந்தரக் குறைபாடு 20 விழுக்காடு வரை என்று மதிப்பிட்டால் இழப்பீடு மொத்தமாகவே வந்துவிடும். அந்தக் காசு கைக்கு வந்த வாரமே புது ஒய்15 வாசலில் நிற்பதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். கணுக்காலுக்குக் கொடுத்த காசைக் கணுக்காலுக்கு ஆகாத வண்டியில் போடுவது என்ன கணக்கோ.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால், உங்கள் தவறால் விழுந்த காயத்துக்கு அது ஒரு காசும் தராது. சொந்த வேலையாகப் போய் விழுகிறவர்களுக்குத் தனி விபத்துக் காப்புறுதி ஒன்று இருப்பது நல்லது.

பயம்

உடம்பும் வண்டியும் சரியாகி, காரணமும் நீங்கக்கூடியது என்றால்தான் பயத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. பயந்தவர் வளைவின் நடுவில் பிரேக் பிடிப்பார்; எந்தக் குழிக்குப் பயப்படுகிறாரோ அதையே பார்ப்பார், கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். இதைப் பெரிய சாலையில் சரிசெய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளித் திடலோ கோயில் மைதானமோ போதும். முதலில் நேராகப் போய் நிறுத்துவது. அப்புறம் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வரவர அழுத்திப் பிடிப்பது. அப்புறம் எட்டுப் போடுவது. மச்சான் அங்கே முதல் அரைமணி நேரம் முன் பிரேக் லீவரில் விரலையே வைக்கவில்லை. வைத்தபோது விரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது. சில வாரம் போன பிறகுதான் தானாக லீவருக்குப் போக ஆரம்பித்தது. விழுந்த முக்குக்கு அதற்கப்புறம்தான் போனோம், பகலில், தரை காய்ந்திருந்தபோது.

மாதம் ஒன்று தாண்டியும் விபத்து கனவில் வருகிறது, லோரிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்கிறது என்றால் அது வீரத்தால் தீருகிற விஷயம் இல்லை. அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள், மெந்தாரி மனநல மையத்துக்கு அனுப்புவார்கள். 15555 என்ற சுகாதார அமைச்சின் எண்ணிலும் பேசலாம்.

அப்படியானால் யாருக்கு எது?

தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவில் மட்டும் பகலில் போய்வருகிறவர், வழுக்கி விழுந்தவர் என்றால், திரும்ப ஓட்டட்டும்; கால் அடிபட்டிருந்தால் ஸ்கூட்டர், இல்லையென்றால் சேசி நேராக இருக்கிற கப்சாய். தூக்கத்தில் விழுந்தவருக்குக் கம்பெனி பஸ், அது இல்லையென்றால் ஷிஃப்டை மாற்றிக் கேட்பது, கார்கூட வேண்டாம். முதலாம் எண் சாலையில் ஈப்போவுக்குப் போகிறவர், அடுத்தவர் தவறால் அடிபட்டவர் என்றால், மாதம் முந்நூறு வெள்ளியை எங்கேயாவது மிச்சம் பிடித்துப் பழைய காருக்குப் போவதுதான் நல்லது. மோட்டாரை விற்க வேண்டாம், கடைத்தெருவுக்கு இருக்கட்டும்.

முழுதாக விட்டுவிடுகிறேன் என்கிறவருக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வேண்டாம் என்பதற்காக லைசென்ஸைச் சாக விடாதீர்கள். காலாவதியாகி மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் திரும்ப முதலிலிருந்து டெஸ்ட் எழுதி எடுக்க வேண்டும். மோட்டாரைத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிடுவதாக இருந்தால் பெயரை உடனே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவர் வாங்குகிற சம்மன் எல்லாம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.